முக்கால் பங்குக் குண்டு

பட்டாளச் செலவுப் பங்கீட்டுக் கூட்டுக் குழுவில் நான் பதினான்கு மாதம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். லண்டன் தரப்பில் பேச சர் லயனல் பென்ட்ரித் வந்திருந்தார். ஹாங்காங் காலனியின் தரப்பில் பேசியவர் மிஸ்டர் கோல்பேர்ன். இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், சனிக்கிழமைதோறும் ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாக் என்கிற சீனன் நான் எதற்கு என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். காலனி மக்களின் பணத்தைப் பற்றிப் பேசும்போது காலனி மக்களின் மொழி தெரிந்த ஒருவராவது அறையில் இருக்க வேண்டும் என்று விதியாம். ஆகவே இருந்தேன். தேநீர் கொண்டுவரும் பெண்ணிடம் "பெரிய துரைக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று சொல்வேன். கூட்டக் குறிப்பு எழுதுவேன். வேறு வேலை இல்லை.

பட்டாளத்துச் செலவில் முக்கால் பங்கு காலனியுடையது, கால் பங்கு லண்டனுடையது என்பது முன்பே முடிவாகிவிட்டது. எதில் முக்கால் என்பதில்தான் இழுபறி. பட்டாளத்து பேண்டு வாத்தியக் குழு பாதுகாப்பில் சேருமா, பொழுதுபோக்கில் சேருமா என்று ஆறு அமர்வு பேசினார்கள். ஜெனரலின் குதிரைக்குக் கொள்ளு வாங்குவது பாதுகாப்புச் செலவு என்று ஒப்புக்கொண்ட மிஸ்டர் கோல்பேர்ன், குதிரை போடும் சாணத்தைத் தோட்டத்துக்கு விற்ற காசில் காலனிக்கும் முக்கால் பங்கு வேண்டும் என்றார். சர் லயனல் மூன்று நாள் அவகாசம் கேட்டு லண்டனுக்குத் தந்தி அடித்தார். சாணம் முழுக்க முழுக்க லண்டனுக்கே சொந்தம் என்று பதில் வந்தது. அந்த மூன்று நாள் தந்திச் செலவில் முக்கால் பங்கை நாங்கள் கொடுத்தோம்.

நாங்கள் என்றால் வரி கட்டுகிறவர்கள். என் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குதிரையின் முகம் நினைவுக்கு வரும்.

1974 நவம்பர் மாதம் யாவ் அண்ணி வந்தாள். அவள் ஊர் மலைக்கு அப்பால் லாம் ஹாங், ஹக்கா என்னும் சீன உழவர் இனத்தாரின் கிராமம். அங்கே எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கறுப்புத் துணி ஓரம் தொங்கும் அகலத் தொப்பி, சேறு காயாத ரப்பர் செருப்பு. கணவன் நான்கு வருஷமாக லிவர்பூலில் ஒரு சீன ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். இங்கே இரண்டு பெண் குழந்தைகளும் அரை ஏக்கர் நீர்க்கீரையும் அவள் பொறுப்பு.

அக்டோபர் முதல் வாரம், நாற்று நடும் நேரத்தில், மலைமேல் பீரங்கிப் பயிற்சி மைதானத்திலிருந்து வந்த ஒரு குண்டு அவளுடைய வாய்க்கால் மடையில் தலைகுப்புற விழுந்து வெடிக்காமல் கிடந்தது. முழங்கை நீளம் இருக்கும். சிப்பாய்கள் வந்து பார்த்தார்கள், சுற்றிலும் வெள்ளைக் குச்சி நட்டார்கள், ஐம்பது கஜத்துக்குள் யாரும் வரக்கூடாது என்று ஆங்கிலத்தில் பலகை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளுடைய வயல் முழுவதும் அந்த ஐம்பது கஜத்துக்குள் இருந்தது. மடை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

எடுத்துப் போகச் சொல்லித் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அவர்கள் பட்டாளத்து முகாமைக் கை காட்டினார்கள். முகாமில், எடுக்கத் தயார், ஆனால் செலவு எந்தக் கணக்கு என்று முடிவாகாமல் ஆளை அனுப்பக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருக்கிறது என்றார்கள். முடிவு செய்கிற மேலிடம் நாங்கள்தான். ஐந்து வாரம் அலைந்து, காலையில் மூன்று பஸ் மாறி, எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாக் சார், ஒரே ஒரு குண்டு. நாலு ஆளு வந்தா அரை மணி வேலை. தை மாசத்துக்குள்ள தண்ணி வந்துட்டா பாதி வெள்ளாமையாவது தேறும்" என்றாள்.

அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக மொழிபெயர்க்க எனக்கு ஏதோ கிடைத்தது. உள்ளே போய்ச் சொன்னேன். சர் லயனல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கொள்கைப் பிரச்சினை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"குண்டு குழாயை விட்டுக் கிளம்புற வரைக்கும் அது ராணியாரோட குண்டு. அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனா தரையில விழுந்தப்புறம் அது காலனி மண்ணுல கிடக்குற ஒரு இரும்புத் துண்டு. நாளைக்கு ரோட்டுல ஒரு பாறாங்கல்லு உருண்டா, அதை நகர்த்த லண்டன்லேருந்தா ஆள் வருவாங்க?"

மிஸ்டர் கோல்பேர்ன் விடவில்லை. காலனியின் நலனுக்காக உயிரைக் கொடுத்துப் போராடுகிறவர் என்று அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவார்கள்.

"வெடிச்சிருந்தா அது பயிற்சி. எங்க முக்கால் பங்கைச் சந்தோஷமா எடுத்துக் குடுத்திருப்போம். அந்தக் குண்டு வெடிக்கல. வேலை செய்யாத சரக்குக்குக் காலனி மக்கள் ஏன் காசு குடுக்கணும்? வித்தவன்தான் திரும்ப எடுத்துக்கிட்டுப் போகணும்."

வாசலில் நின்ற யாவ் அண்ணி எட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன சொல்றாங்க?"

"குண்டு யாரோடதுன்னு பேசிக்கிறாங்க அண்ணி."

"இதுல பேச என்ன இருக்கு? குண்டு முதுகுல அம்புக்குறி முத்திரை இருக்கு. பட்டாளத்து லாரியிலயும் அதே முத்திரை. மாட்டுக்குச் சூடு போட்டிருந்தா யாரு மாடுன்னு எங்க ஊர்ல கைக்குழந்தை சொல்லும்."

இதை மொழிபெயர்த்தேன். சுவாரசியமான உள்ளூர்ப் பார்வை என்று சர் லயனல் பாராட்டினார். நேரில் பார்க்க ஒரு துணைக்குழு போடப்பட்டது.

துணைக்குழு டிசம்பரில் போயிற்று. மூன்று கார், ஒரு நில அளவையாளர், கூடையில் கோழி சாண்ட்விச். குண்டு காலனியின் பொது வாய்க்காலில் கிடக்கிறதா, தனியார் மடையில் கிடக்கிறதா என்று அளக்க வேண்டும். ஆனால் ஐம்பது கஜத்துக்குள் போகக்கூடாது. ஆகவே அளவையாளர் தொலைநோக்கியால் பார்த்து, தலை பொது இடத்திலும் வால் தனியார் இடத்திலும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். வயலில் நீர்க்கீரை மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற அவளுடைய பெண்கள், வெள்ளைக் குச்சிகளைச் சுற்றிப் போக வழி இல்லாததால், அதற்கு உள்ளே புகுந்து ஓடினார்கள். மிஸ்டர் கோல்பேர்ன் அதைப் பார்த்து, விதிகளை மதிக்கக் கிராமத்தாருக்குக் கற்றுத்தர வேண்டும் என்றார். அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார், எழுதினேன்.

ஜனவரியில் மிஸ்டர் கோல்பேர்னுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் காலனியில் ஒரு செலவுத் தலைப்பு உண்டு. அரசு ரோடு போட்டாலோ, பாறையை வெட்டினாலோ, அந்த ஊரின் ஃபெங் சூய், அதாவது மண்ணின் வாஸ்து, கெட்டுப்போனது என்று கிராமத்தார் முறையிடலாம். நிலத்தைச் சாந்தப்படுத்தப் பூசை செய்ய அரசே பணம் கொடுக்கும். இந்தத் தலைப்பில் லண்டனுக்குப் பங்கும் இல்லை, சண்டையும் இல்லை. குண்டை அகற்றப் பணம் இல்லை. ஆனால் குண்டு விழுந்ததால் பூமிக்கு ஏற்பட்ட மனவருத்தத்தைப் போக்கப் பணம் இருந்தது.

எண்ணூறு டாலர் அனுமதியாயிற்று. யூன் லாங் ஊரிலிருந்து ஒரு தாவோ மதப் பூசாரி மஞ்சள் அங்கியும் மணியுமாக வந்தார். வெள்ளைக் குச்சிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

"குண்டை எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"எடுக்காம எதுக்குய்யா பூசை? முள்ளு காலிலயே இருக்கு, மேல மருந்து தடவச் சொல்றீங்களே."

"எண்ணூறு டாலர்."

பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். ஐம்பது கஜ தூரத்திலிருந்து மந்திரம் குண்டுக்குக் கேட்காது என்பதால் முகாமிலிருந்து ஒரு ஒலிபெருக்கி வந்தது. அதன் வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சர் லயனல் அடுத்த வாரமே கேள்வி எழுப்பினார். மந்திரம் ஓதி, சேவலின் ரத்தம் தெளித்து, ஐந்து மூங்கில் துண்டுகளை நட்டு முடித்தார்கள். குண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது. கிராமத்தாரின் குறை தீர்க்கப்பட்டது என்று மிஸ்டர் கோல்பேர்ன் எழுதச் சொன்னார்.

"அந்த எண்ணூறை என் கையில குடுத்திருந்தா வருஷம் முழுக்கச் சாப்பிட்டிருப்போமே" என்றாள் யாவ் அண்ணி. இதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வெள்ளாமை போயிற்று. அவள் கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போனாள். மலைமேல் பயிற்சி மட்டும் செவ்வாய், வியாழன் தவறாமல் நடந்தது.

ஏப்ரலில் இன்னொரு குண்டு சரிவில் விழுந்தது. அதுவும் வெடிக்கவில்லை. அந்தக் கிராமத்தில் பாதிப் பேர் மைதானத்தில் பித்தளைத் தோட்டா உறை பொறுக்கி எடைக்குப் போட்டுத்தான் அரிசி வாங்குகிறார்கள். யாவ் அண்ணியின் பக்கத்து வீட்டு லோய் பெரியப்பாவுக்கு அதுவே தொழில். முப்பது வருஷமாகப் பொறுக்குகிறவர், எது செத்த குண்டு, எது உயிருள்ளது என்று பார்த்தாலே தெரியும் என்பார். அன்றைக்குத் தெரியவில்லை. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஒரு கண்ணும் போயிற்று.

நாற்பத்தோராவது அமர்வில் இந்த விஷயம் வந்தது. நான் எழுதிய குறிப்பு இன்னும் அந்தக் கோப்பில் இருக்கும்.

சர் லயனல் எழுந்து நின்று பேசினார். "வருத்தமான சம்பவம். அந்தப் பெரியவருக்கு என் அனுதாபம். ஆனா குழு ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இரண்டாவது குண்டு எந்தத் தரப்புக்கும் ஒரு காசு செலவில்லாம அகற்றப்பட்டிருக்கு. முதல் குண்டுக்கு எட்டு மாசமா நாம தேடுற வழி இதுல இருக்கலாம். உள்ளூர் மக்களோட சுயமுயற்சியை நாம குறைச்சு மதிப்பிடக் கூடாது."

மிஸ்டர் கோல்பேர்ன் கோபத்தில் மேசையைத் தட்டினார். கடைசியில் இந்த மனிதருக்கு ரத்தம் சூடேறிவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"செலவில்லாமலா? கடுமையா ஆட்சேபிக்கிறேன்! அவர் பதினேழு நாளா எங்க ஆஸ்பத்திரியில கிடக்கார். கட்டில், மருந்து, கஞ்சி எல்லாம் காலனியோட கணக்கு. அந்தத் தொகையை எங்க முக்கால் பங்குல கழிச்சுக்கணும். அந்தக் கை, சார், பாதுகாப்புச் செலவுதான்!"

கை பாதுகாப்புச் செலவா, மருத்துவச் செலவா என்று மதியம் வரை பேசினார்கள். பிறகு சாப்பிடப் போனார்கள். வறுத்த வாத்து என்று ஞாபகம்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லோய் பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் யாவ் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"குழுவுல என்ன பேசினாங்க?" என்று கேட்டாள்.

"வருத்தப்பட்டாங்க" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கணவன் அனுப்பும் பணம் குறைந்துவிட்டதே என்று கேட்டிருக்கிறாள். அவன் சம்பளச் சீட்டையே வைத்து அனுப்பியிருந்தான்.

"இந்த வரியில என்ன எழுதியிருக்கு?"

"வருமான வரி. சம்பளத்துல பிடிச்சுக்கிறது."

"யாருக்குப் போவுது?"

"லண்டனுக்கு."

"லண்டன் அதை வச்சு என்ன பண்ணும்?"

"எவ்வளவோ பண்ணும் அண்ணி. ரோடு, பள்ளிக்கூடம்... பட்டாளத்துக்குக் கால் பங்கு."

"இங்க நான் மண்ணெண்ணெய் வாங்குறேன், வீட்டு வரி கட்டுறேன். அது முக்கால் பங்குக்குப் போவுது."

"ஆமா."

பெரியப்பாவின் கட்டுப் போட்ட மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ முழுக் குண்டும் எங்க வீட்டுக் காசுல வாங்கினது" என்றாள். கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு, "அடுத்த கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணி என்று சொன்னேன். எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, கொடிக்கம்பத்துக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் கட்டடத்தின் பின்புறம் புது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஹக்கா பெண்கள் மூங்கில் தடியின் இரு முனையிலும் கூடை கட்டி, மணல் சுமந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். வாசல் காவலன் அவர்களில் ஒருத்தியைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. யாவ் அண்ணி தடியைத் தோளிலிருந்து இறக்கினாள். ஒரு கூடையில் எடைக்கு எடை கல். இன்னொரு கூடையில் ஈரச் சாக்கு. சாக்கை இரண்டு கையாலும் அள்ளி, மேசைமேல் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்து, விரித்தாள்.

"யாரோடதுன்னு பார்த்துச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்" என்றாள்.

மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. பதினான்கு மாதத்தில் முதன்முறையாக இரு தரப்பும் ஒரே கருத்துக்கு வந்து, ஒரே நேரத்தில், ஒரே கதவை நோக்கிப் பாய்ந்தன. கதவு அகலம் போதவில்லை. காலனியின் முழங்கை லண்டனின் விலாவில் இறங்கியதை நான் கண்ணாரப் பார்த்தேன். நானும் ஓடினேன். பொய் சொல்ல மாட்டேன். அவள் மட்டும் சர் லயனலின் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

குண்டு அகற்றும் படை பதினொரு நிமிடத்தில் வந்துவிட்டது. ஒரு சார்ஜென்ட், இரண்டு சிப்பாய். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் எதிரே மைதானத்தில் மணல் மூட்டைக்கு நடுவில் வைத்து வெடிக்க வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

"இதுக்கு எவ்வளவு செலவு?" என்று சார்ஜென்டைக் கேட்டேன்.

அவன் யோசித்தான். "பெட்ரோலும் திரியும். பத்து டாலர் ஆகியிருக்கும் சார்."

எட்டு மாதம். ஒரு வெள்ளாமை. ஒரு கை, ஒரு கண். அந்தப் பத்து டாலரில் ஏழரை டாலர் எங்களுடையதா என்று தீர்மானிக்காமலே நாற்பத்திரண்டாவது அமர்வு வரை இழுத்திருக்கிறார்கள். அந்த நாற்பத்திரண்டிலும் நான் மேசை ஓரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவியிருக்கிறேன்.

மறுநாளே அவசரக் கூட்டம். இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு குழு வேலை செய்து நான் பார்த்ததில்லை. பதினொரு நிமிடத்தில் உதவிக்கு வந்த பட்டாளத்தின் திறமை காலனி மக்களுக்கு நேரடியாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே காலனியின் பங்கை இன்னும் ஒரு சதவீதம் உயர்த்துவது நியாயம் என்றார் சர் லயனல். மிஸ்டர் கோல்பேர்ன் தழுதழுத்த குரலில் ஒப்புக்கொண்டார். ராணியாரின் சொத்தை அனுமதியின்றி எடுத்துச் சென்ற பெண்மேல் வழக்குத் தொடர வேண்டும் என்றும், விதிக்கப்படும் அபராதத்தை முக்காலுக்குக் கால் என்று இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றும் முடிவாயிற்று. இந்தக் கடைசித் தீர்மானத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் மாதம் கோர்ட்டில் அவளுக்கு மொழிபெயர்ப்பாளனாக என்னையே நிறுத்தினார்கள். ஐந்நூறு டாலர் அபராதம், தவறினால் பதினான்கு நாள் சிறை என்று மாஜிஸ்திரேட் படித்தார். குற்றவாளி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். குற்றவாளி விரும்பினாள்.

"மாக் சார், நல்லா உரக்கச் சொல்லு. குண்டு என் மடையில விழுந்தப்ப யாரோடதுன்னு இவங்களுக்குத் தெரியல. என் நாத்து காஞ்சப்பத் தெரியல. பெரியப்பாவுக்குக் கை போனப்பத் தெரியல. எட்டு மாசம் அப்பன் பேரு தெரியாத குண்டு. நான் தொட்டுத் தூக்கின அன்னைக்கு மட்டும் ராணி சொத்து ஆயிருச்சா? நான் காசு கட்டுனா ரெண்டு பேரும் பங்கு பிரிப்பாங்க. ஒரு செப்புக் காசு தர மாட்டேன். என் பொண்ணுங்களை நாத்தனார் பார்த்துக்குவா. ஜெயிலைக் காட்டுங்க, போறேன்."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் "வருத்தப்பட்டாங்க" என்று சொன்ன அதே வாயால் இப்போது அவருக்குப் புரிகிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கலாம். வருந்துகிறாள், கருணை காட்ட வேண்டுகிறாள் என்று இரண்டு வரி போதும். அறுபது வயதில் பென்ஷன் வரும்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பன் பேரு தெரியாத குண்டு உட்பட. சொல்லி முடித்தபின், இந்தக் குழுவின் கணக்குப் புத்தகத்தில் காறித் துப்புவதற்குக்கூட எச்சில் வீண் என்றும் சொன்னேன்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் அந்தப் பெண் சொன்னதா, மிஸ்டர் மாக்?"

"எல்லாம் அவங்க சொன்னதுதான் ஐயா" என்றேன். "கடைசி வரி மட்டும் என்னோடது."

அந்த ஒரு வரிக்கு எனக்கு ஏழு நாள் கொடுத்தார்கள்.